பையை லோரியில் ஏற்றும் முன்: நகராண்மைக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும் கழக உறுப்பினர்களுக்கும்,

இரவில் வேனில் போய் வீடற்றவர்களுக்கு உணவு கொடுத்துக் காயம் கட்டுகிறவர்கள் நாங்கள். பஸ் நிலையத்திலும் பழைய மார்க்கெட்டின் பின்புறத்திலும் ஒட்டப்பட்ட உங்கள் அறிவிப்பைப் படித்தோம். வீடற்றவர்களுக்குப் பட்டணத்துக்குள் இனி எங்கும் உணவு கொடுக்கக் கூடாது. சனிக்கிழமை மாலை 5 மணி முதல் 7 மணி வரை டேவானில் (பொது மண்டபத்தில்) மட்டும் கொடுக்கலாம். வாங்குகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். கடைகளின் முன்னால் கூரை போட்ட நடையான ஐந்தடிகளில் ஆளில்லாமல் கிடக்கும் பொருள்கள் அகற்றப்படும். இந்த மூன்றையும் எங்களால் ஏற்க முடியவில்லை. மூன்றாவதான பொருள் அகற்றுவது இப்போதே நடக்கிறது. அதனால்தான் முகப்பில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

பைகளைப் பற்றி முதலில் சொல்கிறோம். விடியற்காலையில் துப்புரவு லோரி வரும்போது அந்த மனிதர் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருப்பார்: கழிவறை தேடிப் போயிருப்பார், அல்லது காய்கறி லோரியில் மூட்டை இறக்கி ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி சம்பாதிக்கப் போயிருப்பார். திரும்பி வரும்போது பை இருக்காது. உங்கள் ஆட்களின் கண்ணுக்கு அது அழுக்குத் துணி மூட்டை. உள்ளே இருப்பவை: மைகார்டு என்ற அடையாள அட்டை அல்லது அதற்கு விண்ணப்பித்த ரசீது, கிளினிக்கின் அடுத்த வருகைத் தேதி எழுதிய அட்டை, ஒரு மாத மருந்து, வங்கி அட்டை, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக் கழகத்தின் கடிதம், சிலருக்குச் சிறையிலிருந்து வந்த விடுதலைத் தாள். இவற்றுள் எதுவும் சுலபமாகத் திரும்பக் கிடைக்காது.

மைகார்டையே எடுத்துக்கொள்வோம். முதல் முறை தொலைத்தால் பதிவிலாகாவில் கட்டணம் 100 வெள்ளி, இரண்டாம் முறை 300 வெள்ளி, மூன்றாம் முறையிலிருந்து 1,000 வெள்ளி. ஐந்தடியில் படுக்கிறவர் பலர் இரண்டாவது, மூன்றாவது படியில் நிற்கிறார்கள், ஏனென்றால் தூங்கும்போது பை திருடு போவது அங்கே வழக்கம். திருட்டுக்குப் போலீஸ் புகார் இருந்தால் கட்டண விலக்கு கேட்கலாம். கழகத்தின் லோரி தூக்கிப் போனதற்கு எந்தப் புகாரை எழுதுவது? அட்டை இல்லாவிட்டால் அதன் பின்னால் வரிசையாக எல்லாம் நின்றுபோகும். கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்துக்குக் குடிமகன் என்று காட்ட அட்டை வேண்டும். சமூக நல இலாகாவின் முதியோர் உதவி இப்போது மாதம் 600 வெள்ளி. அதற்கு விண்ணப்பிக்கவும் அட்டை, அந்தப் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கைத் திறக்கவும் அட்டை. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள் எல்லோருக்கும் அடிப்படைப் பொருள் வாங்கக் கிடைத்த அந்த 100 வெள்ளி சாரா உதவியைக்கூட மைகார்டை வைத்துத்தான் கடையில் பயன்படுத்த முடிந்தது. பணம் அதிகம் தேவைப்பட்டவர்களுள் பலர் அதைத் தொடவே இல்லை.

பதிவிலாகாவில் விரல் ரேகை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பீர்கள். முடியும்தான். ஆனால் காலமெல்லாம் பால்மரக் கத்தியும் செம்பனை அரிவாளும் பிடித்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி நாலைந்து முறை மறுக்கும். விரலைக் கழுவி, துடைத்து, கொஞ்சம் எண்ணெய்ப் பசை தடவி, வேறு விரலை வைத்துப் பார்த்து, அதுவும் விழாவிட்டால் மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும். கூட ஒருவர் இல்லாவிட்டால், 'நாளைக்கு வாங்க' என்ற ஒரு சொல்லோடு அந்த முதியவர் திரும்பிவிடுவார். அந்த நாளை வராது.

மருந்துக்கு வருவோம். திறந்த இன்சுலின் பேனா 30 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருந்தால் ஏறக்குறைய 28 நாள் தாங்கும். தெருவில் இருப்பவர்கள் அதை ஈரத்துணியில் சுற்றி, மண்கலயத்திலோ சாப்பாட்டுக் கடை ஐஸ்பெட்டியிலோ வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்தக் கடைக்காரர்களின் பெயரைச் சொன்னால் வம்பு வரும் என்று சொல்லாமல் விடுகிறோம். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து: முதல் இரண்டு மாதம் தீவிர மருந்து, அடுத்த நான்கு மாதம் தொடர் மருந்து, நாள்தோறும் ஒருவர் கண்முன்னே விழுங்க வேண்டும். மருந்து தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாக மாறும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். இடையில் நின்று நின்று தொடர்ந்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும், அப்புறம் சிகிச்சை இன்னும் நீளமானது, கடுமையானது. போதைப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் மருந்து எடுப்பவர் மூன்று நாள் தொடர்ந்து தவறவிட்டால் பழைய அளவைக் கொடுக்க மாட்டார்கள். மறுபடி சோதித்துக் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். மனநோய்க்கு மாத ஊசி போடுகிறவரின் தேதி அந்தக் கிளினிக் அட்டையில்தான் இருக்கிறது. இவர்களைப் படுக்கும் இடத்திலிருந்து துரத்தினால் இரண்டு தெரு தள்ளிப் படுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். இது கோலாலம்பூர் இல்லை. இங்கே துரத்தப்பட்டவர் பட்டணத்தைவிட்டே போய்ப் பழைய தோட்ட லயத்தில் ஒளிந்துகொள்வார்.

அந்த லயங்களை உறுப்பினர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கம்பி அறுக்கப்பட்டு மின்சாரம் போயிருக்கும், கூரைத் தகரம் பாதி இருக்காது, எலி இருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். மழைக்குப் பிறகு செம்மண் பாதையில் வேன் சக்கரம் புதையும். காவல்சாவடியில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இரவில் உள்ளே விடமாட்டார்கள். எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்து, பாதத்தில் வெட்டும் இருந்தால் எலிக் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் காய்ச்சலுமாகக் கிடப்பவரை மூன்றாம் நாள்தான் யாராவது பார்ப்பார்கள். ஐந்தடியில் இருந்தால் அன்றிரவே பார்த்திருப்போம்.

இவர்கள் வேறு எங்கிருந்தோ வந்து பட்டணத்தை அசிங்கப்படுத்துகிறவர்கள் என்று கூட்டங்களில் சொல்லப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். பெரும்பகுதியினர் இந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர்கள். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. வேலை முடிந்தால் லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் ஒரு அறை கொடுத்தால் சரி. கொடுக்காதவர், பிள்ளையே இல்லாதவர், செம்பனைக் குலை விழுந்து இடுப்பு ஒடிந்த ஒப்பந்தத் தொழிலாளி, குடியால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர், சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளிவந்து போக இடமில்லாதவர், பெர்மிட் முடிந்த வங்காளதேசி, இவர்களெல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் ஐந்தடி. பெண்கள் குறைவாகத் தெரிகிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் இரவைக் கழிக்கிறார்கள், நோயாளியின் உறவினர் மாதிரி ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு.

இவர்களுள் சிலருக்குத் தங்களுக்கே தெரியாமல் பணம் இருக்கிறது. சேமநிதியில் பழைய முதலாளி கட்டியது அப்படியே கிடக்கும். வேலையில் அடிபட்டவருக்குச் சொக்சோவில் கேட்காத உரிமை கிடக்கும். அதையெல்லாம் தேடிப் பார்க்க முதலில் பேச வேண்டும், பேசுவதற்கு நம்ப வேண்டும். ஒரு பொட்டலம் சோறு அந்தப் பேச்சுக்கான வாசல், அதற்கு மேல் இல்லை. வேன் எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் அறிவிப்பை எழுதியவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கடைகள் கதவு சாத்திய பிறகு, இரவு பத்து மணிவாக்கில் கிளம்ப வேண்டும். அதற்கு முன் அவர்கள் படுக்க வரமாட்டார்கள், கடைக்காரருக்கும் இடைஞ்சல். முகத்தில் வெளிச்சம் அடிக்காமல் விளக்கை அணைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கூப்பிட வேண்டும்: 'ஐயா', 'அண்ணே', 'பாக்சிக்', 'அங்கிள்', ஆளுக்கு ஏற்ற சொல்லால். தூங்குகிறவரை எழுப்புவதில்லை, பக்கத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டு வருவதும் இல்லை. விடியும் முன் எலியும் நாயும் பிரித்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு காலைப் பார்ப்பது. நீரிழிவுக்காரரின் புண் பல நேரம் சிலிப்பர் வார் உரசும் இடத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொடங்கும். அவருக்கு வலிக்காது, அதனால் காட்டமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். உப்புநீரில் கழுவி, உலர்ந்த துணி வைத்துக் கட்டி, பின்பக்கம் வார் வைத்த செருப்பு மாற்றிக் கொடுத்துக் கிளினிக் தேதி சொல்வோம். முதல் சந்திப்பில் அடையாள அட்டையைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்டால் அடுத்த வாரம் ஆள் இருக்கமாட்டார்.

இப்படிப் பார்த்தால் சனிக்கிழமை டேவான் ஏன் உதவாது என்பது விளங்கும். அது பெரிய சாலையோரம், நடைபாதை இல்லாத நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வீங்கிய காலோடு செம்பனை லோரிகளுக்கு நடுவே நடந்து போக வேண்டும், திரும்ப வர பஸ் இல்லை. பையை விட்டுவிட்டுப் போனால் உங்கள் லோரி எடுக்கும், தூக்கிக்கொண்டு போக உடம்பில் தெம்பில்லை. மாயக்குரல் கேட்கிறவர் வரிசையில் நிற்கமாட்டார். பெண்கள் நூறு ஆண்கள் கூடும் இடத்துக்கு வரமாட்டார்கள். வாரத்தில் ஒரு வேளைச் சோறு யாருடைய பசியையும் தீர்க்காது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

2014 ஜூலையில் கோலாலம்பூரிலும் இதே யோசனை வந்தது. லோட் 10 பேரங்காடி வட்டாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கத் தடை என்று அறிவித்தார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. இன்று அந்த நகரில் ஜாலான் பகாங்கில் வீடற்றோருக்கான தங்கும் மையம் இயங்குகிறது. கோலாலம்பூர் தடையில் தொடங்கித் தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்ததென்றால், நாம் ஏன் முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும்?

பெயர்ப் பட்டியல் கேட்பது இன்னும் மோசமான காரியம். தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசம் மட்டும் உள்ள சிவப்பு அட்டைக்காரர் இருக்கிறார். மெத்தடோன் எடுப்பது குடும்பத்துக்குத் தெரியக் கூடாது என்பவர் இருக்கிறார். பட்டியல் கழகத்துக்குப் போகிறது என்ற செய்தி ஒரு இரவில் பட்டணம் சுற்றிவிடும். அடுத்த வாரம் வேனிடம் வருகிறவர் நலமாக இருப்பவர் மட்டுமாக இருப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் மார்க்கெட்டிலேயே இருமிக்கொண்டிருப்பார், அதே மார்க்கெட்டில்தான் நாமும் மீன் வாங்குகிறோம். எண்ணிக்கை வேண்டுமா, தருகிறோம்: எத்தனை பேர், எந்த வயது, எந்தத் தெரு, எத்தனை பேருக்கு அட்டை இல்லை. பெயர் தரமாட்டோம்.

கடைக்காரர்களின் குறை நியாயமானது. அதை மறைக்கப் போவதில்லை. காலையில் கடை திறக்க வருகிறவர் காலி பொட்டலத்தையும் சிறுநீர் நாற்றத்தையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பொட்டலக் குப்பையில் பெரும்பங்கு சனி, ஞாயிறு இரவுகளில் பிறந்தநாள் கேக்கும் கேமராவுமாக வரும் வேன்களுடையது. ஒரே இரவில் நாலு குழுக்கள் நாலு முறை நாசி லெமாக் கொடுத்தால் மூன்றைத் தின்ன முடியாது. மாலை ஐந்துக்குக் கட்டிய தேங்காய்ப்பால் சோறு இரவு பத்தரைக்குள் கெட்டுவிடும், சாப்பிட்டவருக்கு வயிற்றுப்போக்கு, அதற்கும் கழிவறை இல்லை. சீனிபோட்ட பானப் பெட்டிகளை நீரிழிவுக்காரர் கையில் திணித்துப் படம் எடுப்பதை யாராவது நிறுத்தினால் நாங்கள் முதலில் கைதட்டுவோம். இதை ஒழுங்குபடுத்த ஒரு வார அட்டவணை போதும்: எந்த இரவு யார், என்ன உணவு, குப்பைப் பை யார் பொறுப்பு. சோற்றைக் கட்டி நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், முடியாத இரவில் ரொட்டியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும்.

சிறுநீர் நாற்றத்துக்குக் காரணம் உங்கள் பஸ் நிலையக் கழிவறை. இரவு பத்துக்கு அதைப் பூட்டுகிறீர்கள், பகலில் காசு கேட்கிறீர்கள். பூட்டை மாட்டிவிட்டு நாற்றத்தைக் கழுவ ஆள் வைப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. சொறியைப் பற்றியும் இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், உங்கள் துப்புரவு ஊழியர்களும் அதற்குப் பயப்படுகிறார்கள். பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கு நகக்கண் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. துணிகளைச் சூடுநீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் திறக்காமல் வைக்க வேண்டும். அந்தக் கட்டிய பையைத்தான் உங்கள் லோரி தூக்கிப் போகிறது. களிம்பு இலவசமாகக் கிடைக்கிறது. கழுவத் தண்ணீர்தான் கிடைக்கவில்லை.

அறிவிப்பின் கடைசி வரியில் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தைக் காட்டியிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் சொல்வதை முழுதாகச் சொல்லுங்கள். ஒருவரைப் பிடிக்கச் சமூக நல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கழக ஊழியர் என்றால் எழுத்துப்பூர்வமான அதிகாரம் வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். அறிக்கை தயாரிக்க ஒரு மாதம் வரை தற்காலிகமாக வைக்கலாம், அதன் பிறகு இல்லத்தில் மூன்றாண்டு வரை தங்கவைக்க ஆணையிடலாம். தீபகற்பத்தில் அந்த இல்லங்கள் ஜெராந்துட்டிலும் மெர்சிங்கிலும் இருக்கின்றன. லோரியில் ஏற்றிப் பக்கத்து மாவட்ட எல்லையில் இறக்கிவிடுவது அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இல்லை.

இன்னொரு ஆபத்து உங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாள் முழுதும் சம்சு (மலிவுச் சாராயம்) குடிப்பவரைப் பிடித்து அடைத்தால் அவர் தெளிந்து விடுவார் என்று எண்ணக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்கும் பிறகு கை நடுக்கமும் வியர்வையும் பிதற்றலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. குடித்தவர் கண் மங்குகிறது, வெள்ளையாகத் தெரிகிறது என்றால் அதுவும் அவசரம்: 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கேட்பவை இவை. உணவுத் தடையையும் பெயர்ப் பட்டியல் உத்தரவையும் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக பஸ் நிலையம், மார்க்கெட் பின்புறம், பழைய தபால் நிலையச் சந்து ஆகிய மூன்று இடங்களில் இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை வேன் நிறுத்த இடம் ஒதுக்குங்கள். குப்பைத் தொட்டி வையுங்கள். மற்றக் குழுக்களையும் கூட்டி அட்டவணை போட ஒரு கூட்டம் நடத்துங்கள், நாங்கள் அதற்குக் கட்டுப்படுவோம்.

பையை எடுக்கும் முன் 48 மணி நேர அறிவிப்புத் தாள் அதன்மேல் கட்டப்பட வேண்டும். எடுத்தே ஆக வேண்டுமானால் எண் எழுதிய சீட்டுக் கட்டி, குறைந்தது 14 நாள் கிடங்கில் வைத்து, எங்கே போய்க் கேட்பது என்று தமிழ், மலாய், சீனம், வங்காளம் ஆகிய நான்கிலும் சுவரில் எழுத வேண்டும். மருந்தும் தாளும் உள்ள சிறு பையை எந்தக் காரணத்துக்காகவும் குப்பை லோரியில் போடக் கூடாது. அதை அடையாளம் காண மஞ்சள் நிறப் பை ஒன்றை நாங்களே எல்லோருக்கும் கொடுக்கிறோம். ஏற்கெனவே எடுத்தவற்றில் மிச்சம் இருப்பதை உடனே திறந்து காட்டுங்கள்.

பஸ் நிலையக் கழிவறையில் ஒரு பக்கத்தையாவது இரவு முழுதும், காசில்லாமல், குழாய்த் தண்ணீரோடு திறந்து வையுங்கள். காவலுக்கு ஆள் போட முடியாது என்றால் சொல்லுங்கள், ஐந்தடியில் படுப்பவர்களிலேயே அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள், சம்பளம் கொடுங்கள்.

மாதத்தில் ஒரு இரவு பதிவிலாகா, சமூக நல இலாகா, கிளினிக் மூன்றிலிருந்தும் ஒவ்வொருவர் வேனோடு வர, மாவட்ட அலுவலகத்துடன் பேசி ஏற்பாடு செய்யுங்கள். நடமாட முடியாதவர்களிடம் பதிவிலாகா நேரில் போகும் மெக்கார் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஐந்தடிக்கும் கொண்டுவரக் கழகத்தின் கடிதம் ஒன்று உதவும். கழக லோரியால் அட்டை இழந்தவர்களுக்குக் கட்டணத்தைக் கழகமே கட்ட வேண்டும். முகவரி இல்லை என்பதால் விண்ணப்பம் திரும்பும்போது, இவர் இந்தப் பட்டணத்தில் இருக்கிறார் என்று உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும்.

1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் யாரையாவது எடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே எங்களுக்குச் சொல்லுங்கள். யார் இன்சுலின் போடுகிறார், யார் காசநோய் மருந்தில் இருக்கிறார், யாருக்கு எப்போது மாத ஊசி என்பதை அவர்களின் சம்மதத்தோடு சமூக நல அதிகாரிக்கு எழுதித் தருகிறோம். இரவில் ஆபத்தான நிலையில் யாரையாவது உங்கள் ஊழியர் பார்த்தால் தாலியான் காசே என்ற சமூக நல உதவி எண் 15999க்கு அழைக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அடுத்த முழுக் கழகக் கூட்டத்தில் இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். எங்களில் இருவர் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வோம். அதுவரை பை அகற்றும் வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம் என்ற உத்தரவை எழுத்தில் கேட்கிறோம், துப்புரவுப் பிரிவுக்கும் ஒரு நகலோடு.

இப்படிக்கு,
இரவு வேனில் பணிபுரிவோர்